சொட்டுக்குழாய் சிங்காரம்

வீட்டுக்காரர்கள் முன்வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்று கூப்பிடுவார்கள்; சிங்காரம் அதற்குள் வீட்டின் பின்பக்கம் போய்விட்டிருப்பார். கல்யாண வீடாகட்டும், துக்க வீடாகட்டும், பால் காய்ச்சும் புது வீடாகட்டும், அவர் வழி அதுதான். முதலில் கொல்லைப்புறம், அப்புறம் சுவரோரம், அப்புறம் குளியலறைக்கு வெளியே. அங்கே இருக்கிற பைப்புகளைப் புறங்கையால் தொட்டு, குனிந்து, ஒவ்வொன்றின் வாயையும் நன்றாகப் பார்த்த பிறகே முன்பக்கம் வந்து செருப்பைக் கழற்றுவார். வணக்கம் சொல்வது அதற்கும் பிறகு. ஒருமுறை பக்கத்து ஊரான ரிங்லெட்டில் ஒரு பெரிய காரியத்துக்குப் போனவர், பைப்புகளைப் பார்த்து முடித்துவிட்டு வந்துதான் அழ ஆரம்பித்தார். அழுகை உண்மையான அழுகைதான், அதில் குறை சொல்ல முடியாது.

"வாய் எங்க பாக்குதுன்னு பாக்கணும் லா," என்பார் கேட்டால். "பைப்போட ஒடம்பு எப்படி வளைஞ்சு போனா என்ன? வாய் எந்தப் பக்கம் பாக்குது, அதான் விஷயம்."

தேயிலைத் தோட்டத்து ஆலையில் இயந்திரமும் குழாயும் பழுது பார்க்கிற பிட்டர் அவர். பெயருக்கேற்ற சிங்காரம் அவரிடம் உண்டு. இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை, எண்ணெய் வைத்து நேர்வகிடு எடுத்த தலை, கழுத்தில் மெரூன் நிறத்தில் கம்பளி மப்ளர். சட்டைப் பையில் ஸ்பேனரும் சீப்பும் அக்காதங்கை போல ஒன்றாகவே இருக்கும். பங்களாவில் அடுப்படிக் குழாய் ஒழுகுகிறது என்று ஆள் வந்தால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் சீப்பைத்தான் எடுப்பார். அடக்கம் என்ற சரக்கு அவரிடம் கிடையாது. "பஹாங் மாநிலம் பூரா தேடிப் பாருங்க, இந்தக் கைய மாதிரி இன்னொரு கை கெடைக்குதான்னு," என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். கொழுந்து உருட்டும் இயந்திரம் நின்றுபோனால் ஒரு குச்சியைக் காதில் வைத்து, மறுமுனையை இரும்பில் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கணக்கெழுதுகிற கிராணி முதல் தோட்டத்துத் துரை வரை எல்லாரும் மூச்சை அடக்கி நிற்கவேண்டும். அந்த நேரத்தில் யாராவது இருமிவிட்டால் தொலைந்தார்கள்.

மனைவி ரஞ்சிதம் கொழுந்து எடுப்பவள். வாய் அவளுக்கும் நீளம். "இந்த மனுசன் தாலி கட்டினது என் கழுத்துல. குடும்பம் நடத்துறது பைப்போட," என்று மலைமேட்டில் நின்று அவள் சொன்னால் கீழ்வரிசை வரைக்கும் சிரிப்பு இறங்கும்.

அந்த மலையில் சுடுதண்ணீர் என்பது சாதாரண விஷயமில்லை. காலையில் பனி இறங்கி நிற்கிற நேரத்தில் பச்சைத் தண்ணீரில் முகம் கழுவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் விறகும் அண்டாவும். பங்களாக்களிலும், பிரிஞ்சாங் ஊரில் விருந்தாளிகளுக்கு அறை விடுகிற வீடுகளிலும் மின்சாரத்தில் காய்கிற டாங்கி. சுவரில் ஏறி உட்கார்ந்திருக்கிற அந்த டாங்கியின் பக்கவாட்டில் ஒரு சின்ன வால்வு, அந்த வால்விலிருந்து வால் மாதிரி ஒரு பைப்பு. வீட்டுக்காரர்கள் டாங்கியைப் பார்த்துப் பெருமைப்படுவார்கள். சிங்காரம் அந்த வாலைப் பார்த்துத்தான் வீட்டை எடைபோடுவார்.

அது எதற்கு என்று தெரியாமல் யாராவது கேட்டுவிட்டால் போதும், பாடம் தொடங்கிவிடும். "சோத்துப்பான பொங்குது. மூடி என்ன செய்யுது? தூக்கிக் குடுக்குது. மூடி மேல அம்மிக்கல்ல வெச்சா? பான வெடிக்கும். தண்ணி சூடானா பெருக்கும் லா. பெருத்தா எடம் கேக்கும். அந்த வால்வு கொஞ்சம் கொஞ்சமா வெளிய உட்டுக் குடுக்குது. சூடு தலைக்கேறிப் போச்சுன்னா ஒரே அடியா சீறும். அந்தச் சீறல் யார் மேலயும் படாத எடத்துக்குக் கொண்டுபோயி விடணும். அம்புட்டுதான்."

இடது முன்கையில் ஒரு வெளுத்த தழும்பு. மற்றவர்கள் பச்சை குத்தியதைக் காட்டுகிற மாதிரி அதைச் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டுவார். இளவயதில் ஒரு பங்களாவின் பின்பக்கம் நடந்துபோனபோது கிடைத்த பரிசு. "அந்த வாய் நடபாதையப் பாத்துச்சு, நான் நடபாதையில போனேன். அது மேல தப்பே இல்ல," என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தக் கதையைச் சொல்ல ஆள் கிடைத்தால் விடவே மாட்டார்.

இப்படிப்பட்ட மனுஷருக்குக் கல்யாண வயதில் ஒரு மகள். பெயர் சீதா. பிரிஞ்சாங்குக்குப் போகிற சாலையில் ஒரு பூத்தோட்டத்தில் வேலை. அதே சாலையில் தினமும் முட்டைக்கோஸ் லோரி ஓட்டிப் போகிறவன் வேலப்பன். லோரி தினமும் அந்த இடத்தில் ஏன் மெதுவாகப் போயிற்று என்று ஆராய வேண்டியதில்லை. இரண்டு வீட்டுக்கும் தெரிந்தது, இரண்டு வீட்டுக்கும் பிடித்தும் இருந்தது. போன தை மாதம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், வீட்டைப் பார்த்து, அப்படியே தட்டு மாற்றிவிட்டு வருவது என்று முடிவாயிற்று.

வேலப்பனின் அப்பா அமிர்தலிங்கம் காய்கறி வியாபாரி. அதிர்ந்து பேசாதவர். அந்த வீட்டில் அதிர்ந்து பேசுகிற பொறுப்பை அவருடைய மனைவி வடிவம்மாள் ஏற்றுக்கொண்டிருந்தாள். சுத்தம், பக்தி, சாஸ்திரம் மூன்றிலும் அவளை அசைக்க முடியாது. மாடியில் இரண்டு அறைகளை விருந்தாளிகளுக்கு விட்டிருந்ததால் வீட்டில் புதிதாகச் சுடுதண்ணீர் டாங்கி வைத்திருந்தார்கள்.

வேனில் போகும்போதே ரஞ்சிதம் ஆரம்பித்துவிட்டாள். "இந்தாங்க. இன்னிக்கு ஒரு நாளாச்சும் நேரா முன்வாசல்ல போங்க. பொண்ணக் குடுக்கப் போறோம், பைப்பு வாங்கப் போகல."

"சரிடி."

"என் தலையில அடிச்சுச் சொல்லுங்க."

அடித்துச் சொன்னார். சொன்ன மாதிரியே முன்வாசலில் போய், செருப்பைக் கழற்றி, கைகூப்பி, பாயில் உட்கார்ந்தார். ரஞ்சிதத்துக்கே நம்ப முடியவில்லை. சீதா வாசலோரம் தலை குனிந்து நின்று, அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்துப் பெருமைப்பட்டாள். சிங்காரமும் நன்றாகத்தான் பேசினார். ஆலைக் கதை சொன்னார், தழும்பைக் காட்டினார், வடிவம்மாள்கூடக் கன்னத்தில் கைவைத்து, "அய்யோ பாவமே" என்றாள். வெற்றிலை, தேங்காய், பழம், புடவை எல்லாம் அடுக்கின தட்டு நடுவீட்டுக்கு வந்தது.

அப்போதுதான் அவருக்கு அந்தச் சத்தம் கேட்டது. சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு உறுமல். வேறு யாருக்கும் கேட்கவில்லை. பேச்சுச் சத்தத்தில் கேட்கவும் கேட்காது. சிங்காரம் முதுகைச் சுவரில் மெதுவாகச் சாய்த்துப் பார்த்தார். சுவர் சுட்டது. மலையில் தை மாதத்தில் சுவர் சுடுவதாவது! விருந்தாளிகள் குளிப்பதற்காகக் காலையில் போட்ட சுவிச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. போதுமான சூடு வந்ததும் தானாக நிற்கவேண்டியது நிற்கவில்லை. பாதி எழுந்தார். ரஞ்சிதத்தைப் பார்த்தார். அவள் பார்த்த பார்வையில் மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்.

ஆனால் உறுமல் நிற்கவில்லை. "கொஞ்சம் கால் கழுவிட்டு வந்துர்றேன்," என்று எழுந்தார்.

கொல்லைப்புறத்தில் அவர் கண்டது என்ன தெரியுமா? துணி காயப்போடுகிற கொடிக்குப் போகும் பாதையைப் பார்த்தபடி, முகம் இருக்கும் உயரத்தில், டாங்கியின் வால் சுவரிலிருந்து நேராக நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கோணல் வேலையைப் பார்த்தே அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது. மீதி உயிர் அதன் வாயைப் பார்த்ததும் போயிற்று. காய்ந்த தேயிலைத் தண்டை முளைமாதிரிச் சீவி, மஞ்சள் துணி சுற்றி, வாய்க்குள் இறுக அடித்து வைத்திருந்தார்கள். முளையின் தலையில் அழகாக ஒரு குங்குமப் பொட்டு.

அதற்கு மேல் அவர் சிங்காரமாக இருக்கவில்லை, பிட்டராகிவிட்டார். சுவிச்சை அணைத்தார். குளியலறைக்குள் போய்ச் சுடுதண்ணீர்க் குழாய்களை எல்லாம் முழுசாகத் திறந்துவிட்டார். உள்ளே அடைபட்டிருந்தது இறங்க வேண்டுமே! தண்ணீர் 'ஹோ'வென்று கொட்ட, ஆவி குபுகுபுவென்று கிளம்பிக் கதவிடுக்கு வழியாக நடுவீட்டுக்குப் போய், தட்டு மேலும் பெரியவர்கள் தலை மேலும் மேகம் மாதிரி நின்றது. யாரோ, "நெருப்பு!" என்று கத்தினார்கள். சத்தம் அடங்கிய பிறகு சிங்காரம் வெளியே வந்து, பைப்புக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, மடியில் ஒளித்துக் கொண்டுவந்திருந்த குறடால் அந்த முளையைப் பிடுங்கினார். 'புஸ்' என்று துருத் தண்ணீர் ஒரு கீற்றாகச் சீறிப் போய்க் கொடியில் கிடந்த அமிர்தலிங்கத்தின் வெள்ளை வேட்டியில் விழுந்தது.

வடிவம்மாள் வந்து நின்றபோது அவர் கையில் குறடு, குறட்டின் வாயில் குங்குமம் வைத்த முளை.

"அண்ணே! என்ன காரியம் பண்ணிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல சம்மந்தியம்மா, இந்த ஓட்டைய அடைக்கக் கூடாது..."

"நான்தான் அடிச்சு வெச்சேன். மாசக்கணக்கா சொட்டு சொட்டுன்னு சொட்டிக்கிட்டிருந்துச்சு. வீட்டுல தண்ணி சொட்டிக்கிட்டே இருந்தா லட்சுமி தங்குவாளா? பூச போட்டு, பொட்டு வெச்சு அடைச்சேன். தட்டு மாத்துற நேரத்துல புடுங்கிட்டீங்களே! உள்ள வேற எல்லாத்தையும் தொறந்து விட்டிருக்கீங்க. ஆறு மாதிரி ஓடுது!"

இந்த இடத்தில் சிங்காரம் வாயை மூடியிருந்தால் ஒருவேளை தப்பியிருக்கலாம். அவர் எங்கே மூடுவார்? "புடுங்காம விட்டிருந்தா டாங்கி கூரையத் தூக்கிக்கிட்டுப் போயிருக்கும்மா," என்றார்.

வடிவம்மாளின் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. "நல்ல நாளும் அதுவுமா, எங்க கூரை போகும்னு எங்க வீட்டுல நின்னுக்கிட்டே சொல்றாரே இந்த மனுசன்!" அமிர்தலிங்கம், "வடிவு, கொஞ்சம் இரு..." என்று தொடங்கினார். அவள் இருக்கவில்லை. முளையைக் குறட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே போய், தட்டின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிச் சாமியறைக்குள் வைத்துவிட்டாள். அன்றைக்கு அதோடு பேச்சு முடிந்தது.

வேன் திரும்பி வருகிற வழியெல்லாம் ரஞ்சிதம் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள். அடுத்த இரண்டு நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சீப்பு பையிலேயே கிடந்தது. ஆலையில் குச்சியைக் காதில் வைத்துக் கேட்டால்கூட அந்த டாங்கியின் உறுமல்தான் கேட்டது. அந்த அம்மாள் முளையை மறுபடி அடித்திருப்பாளோ? நிச்சயம் அடித்திருப்பாள். அவள் இடத்தில் அவர் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். பிடிவாதத்தில் இருவரும் ஒரே சாதி.

மூன்றாம் நாள் சீதா சோற்றைப் போட்டு, எதிரில் உட்கார்ந்தாள். அழவில்லை. கோபமாகத்தான் இருந்தாள். "ஏம்ப்பா, ஒரே ஒரு நாளு கண்ண மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா?"

"மூடியிருக்கலாம்மா. ஆனா அது நீ குளிக்கப் போற ரூமு."

"கல்யாணமே இல்லேன்னு ஆயிருச்சு. நான் எதுக்கு அங்க போயி குளிக்கிறேன்?"

சிங்காரம் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். "நீ இல்லாட்டி வேற எவளாச்சும் குளிப்பா இல்ல?" என்றார். "அவளும் எவனோ பெத்த பொண்ணுதானே?"

சீதா குழம்பை ஊற்றினாள். "அப்பன்னா போயி சரி பண்ணிட்டு வாங்க. கைய மட்டும் கொண்டு போங்க. வாய வீட்டுலயே வெச்சிட்டுப் போங்க."

ஓய்வு நாளன்று துரையிடம் சொல்லி வாங்கிய பைப்புத் துண்டுகளைத் தோளில் சாய்த்து, சாமான் பையைத் தூக்கிக்கொண்டு அவர் சாலைக்கு வந்தார். பஸ்காரன் பைப்பைப் பார்த்துவிட்டு நிற்காமல் போய்விட்டான். பின்னால் வந்த முட்டைக்கோஸ் லோரி நின்றது. வேலப்பன் இறங்கி, ஒன்றும் கேட்காமல் பைப்புகளை வாங்கிக் கோஸ் மூட்டைகளின் மேல் வைத்துக் கட்டினான்.

"அம்மா திரும்பவும் அடிச்சுட்டாங்க மாமா," என்றான் வண்டி நகர்ந்ததும்.

"தெரியும்."

"ஆனா நான் சுவிச்சைப் போட விடல. சண்டை போட்டு ஒயரையே கழட்டி வெச்சுட்டேன். வீடே பச்சத்தண்ணியில குளிக்குது. மாடியில இருந்த விருந்தாளிங்க பல்லு தந்தியடிச்சு வேற எடத்துக்குப் போயிட்டாங்க. அம்மாவும் பச்சத்தண்ணிதான். சளி புடிச்சிருக்கு, ஆனா ஒத்துக்க மாட்டேங்குறாங்க."

'இவனுக்குப் பெண்ணைக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது' என்று சிங்காரத்துக்கு மனசு அடித்துக்கொண்டது. ஆனால் அதற்குச் சம்மதம் கேட்க வேண்டியது அவன் அம்மாவிடம்.

வடிவம்மாள் மப்ளரும் ஸ்வெட்டருமாக உட்கார்ந்து பீன்ஸ் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது. "வாங்க," என்றாள், அந்த 'வாங்க'வில் சூடு இல்லை. சிங்காரம் மகள் சொன்னதை நினைத்துக்கொண்டார். நெஞ்சு முட்ட வந்த பேச்சை எல்லாம் விழுங்கிவிட்டு, "ஒங்க சொட்ட நான் நிறுத்த முடியாது தங்கச்சி. அது சொட்டத்தான் வேணும். ஆனா அது எங்க சொட்டணும்னு மாத்தித் தர்றேன். பிடிக்கலேன்னா திரும்ப முளை அடிச்சுக்குங்க, நான் பேச மாட்டேன்," என்றார்.

அவள் மூக்கை உறிஞ்சினாள். "எங்க சொட்ட வைப்பீங்க?"

சிங்காரம் கிழக்குச் சுவரைக் காட்டினார். வரும்போதே கண்ணால் அளந்து வைத்த இடம். தூரம் குறைவு, சாக்கடையும் பக்கத்தில். அவர் கணக்குப்படி கச்சிதம்.

"அங்கயா?" வடிவம்மாள் பீன்ஸைக் கீழே வைத்தாள். "அது பக்கத்து வீட்டுப் புள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு ஓடியார வழி. அன்னிக்குக் கையத் தூக்கித் தூக்கிக் காட்டினீங்களே, நடபாதையில போனேன், வெந்துருச்சுன்னு. அந்தப் புள்ளைங்களுக்கும் ஒண்ணு வேணுமா?"

சிங்காரம் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன கதையை ஒழுங்காகக் கேட்ட ஒரே ஆள் இந்த அம்மாள்தான். அவர் காட்டிய இடம் தப்பு. தலையைச் சொறிந்தார்.

"இங்க வாங்க," என்று அவள் முன்னால் நடந்தாள். வீட்டின் வடகிழக்கு மூலை. மாட்டுச்சாணம் தெளித்து, கோலம் போட்டு, ஒரு காய்ந்த இலைகூட இல்லாமல் வைத்திருந்தாள். "இந்த மூலையில யாரும் செருப்போட மிதிக்கக் கூடாது. புள்ளைங்க வந்தா வெளக்குமாத்த எடுத்துருவேன், அதனால அதுங்களும் வராது. இது ஈசானியம். மத்த எடத்துல தண்ணி சொட்டினா அது வீட்ட விட்டுப் போறது. ஈசானியத்துல விழுந்தா வீட்டுக்கு வர்றது. இங்க கொண்டாந்து விடுங்க."

சிங்காரத்துக்கு வாயெல்லாம் பல். "ஆளு நடக்காத எடம்! இதத்தான் லா நான் ஊரெல்லாம் தேடிக்கிட்டுத் திரியிறேன்!"

"ஆனா கொதிக்கிற தண்ணி நேரா மண்ணுல விழக் கூடாது. பூமாதேவிக்கு ஆகாது."

"விழாது தங்கச்சி. கல்லு போட்டு, சுத்திலும் முழங்கால் உசரத்துக்குச் செவுரு வெச்சுத் தர்றேன். சீறினாலும் தெறிக்காது. ஆறினதுக்கப்புறம்தான் சாக்கடைக்குப் போகும்."

வேலை நடந்தது. சூடு போதும் என்று மின்சாரத்தை நிறுத்தவேண்டிய சாமான் கெட்டிருந்தது. முதலில் அதை மாற்றினார். வால்வை விரலால் தூக்கித் தூக்கி விட்டுப் பார்த்தார். பிறகு சுவரோடு ஒட்டிப் பைப்பை இறக்கினார். போகப் போக இறக்கமாகவே போகவேண்டும், நடுவில் எங்கேயும் மேடு ஏறக் கூடாது என்று நூல் கட்டிப் பார்த்துக்கொண்டார். பிளாஸ்டிக் குழாய் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று அமிர்தலிங்கம் கொண்டுவந்து நீட்டினார். "சூட்டுக்கு இது சுருண்டுரும் மாமா," என்று, சிங்காரம் சொல்லவேண்டிய வார்த்தையை வேலப்பன் திருடி வாய்ப்பழக்கத்தில் சொல்ல, தன் மகனே தன்னை மாமா என்று கூப்பிட்டதைக் கேட்டு அமிர்தலிங்கம் விழித்தார். எல்லாரும் சிரித்தார்கள்; வடிவம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

கடைசித் துண்டின் முனையில் குழாய் திருகி மாட்டுகிற மரை இருந்தது. அதைச் சிங்காரம் சாய்வாக அறுத்து எறிந்தார். வடிவம்மாள் ஏன் என்று கேட்டாள்.

"மரை இருந்தா எவனாவது ஒரு குழாய மாட்டி மூடிருவான். சாய்ச்சு அறுத்தா முளை கூட நிக்காது," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கல்லுக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு, வாய் கீழே பார்க்க, எல்லாருக்கும் தெரியும்படி பைப்பு முடிந்தது. சுவரும் எழும்பியது. வேலப்பன் ஒயரைப் பூட்டிச் சுவிச்சைப் போட்டான். "மொதல் சொட்டு விழுறத நான் பாக்கணும்," என்று வடிவம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "பாத்துட்டுத்தான் மத்தது பேசுறது."

மற்றது என்றால் என்ன என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். வேலப்பன் சுவரில் சாய்ந்து நகத்தைக் கடித்தான். அமிர்தலிங்கம் அதே இடத்தில் முன்னும் பின்னும் நடந்தார். சிங்காரம் சின்னச் சுவருக்கு இந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்து பைப்பின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மனுஷர் வாழ்நாளில் எத்தனை பைப்பு இறக்கியிருப்பார், ஒன்றுக்கும் இப்படிக் காத்துக்கிடந்ததில்லை. சொட்டாமல் போனால்? அல்லது சொட்டுகிற அழகு அந்த அம்மாளுக்குப் பிடிக்காமல் போனால்? வீட்டில் சீதா வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருப்பாள் என்பதை நினைத்தபோது அவருக்குக் கண் கரித்தது. பனிக்காற்று என்று மப்ளரால் துடைத்துக்கொண்டார்.

டாங்கி மெல்ல முனகியது. பைப்பின் உடம்பில் சூடு இறங்கி வருவது அதன் மேலிருந்த பனி ஈரம் காய்வதில் தெரிந்தது. சாய்வாக அறுத்த வாயின் கீழ் விளிம்பில் ஒரு துளி திரண்டது, பெருத்தது, தயங்கியது.

வடிவம்மாளின் கட்டியிருந்த கை அவிழ்ந்தது. "லட்சுமி வந்துட்டா," என்றாள், கோயிலில் பேசுகிற குரலில். சட்டென்று குனிந்து, தீர்த்தம் வாங்குகிறவள் மாதிரி வலது கையைக் குவித்துச் சுவருக்கு மேலாக நீட்டினாள்.

சிங்காரத்துக்குச் சொல்ல நேரமில்லை. அவள் கைக்கு மேலே தன் கையைக் கொண்டுபோய் வைத்துவிட்டார். துளி அவர் உள்ளங்கையில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

வடிவம்மாள் தன் கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். அவர் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மாசி பொறந்ததும் தட்டு மாத்திக்கலாமா அண்ணே?" என்று கேட்டாள். "சீதாவுக்குத் தோதுப்படுமான்னு கேட்டுச் சொல்லுங்க."

சிங்காரம் தலையை ஆட்டினார். மறுபடியும் ஆட்டினார். துளிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவர் கையில் விழுந்துகொண்டே இருந்தன. கையை எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.